ஆடியில பண்டாரவளை, மாசியில ஹட்டன்: மழையப் பாத்து மலையகம் சுத்த ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஆகஸ்ட் லீவுக்கு வவுனியாவுலருந்து எங்க சித்தப்பா குடும்பம் ஏழு பேர் மலையகம் பாக்க வந்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஹட்டன் பக்கத்துல ரூம் போட்டுட்டு, வந்து எறங்குனதுக்கு அப்புறம் தான் போன் பண்றாங்க. மூணு நாளும் மழை. சித்தி ஜன்னல் கிட்ட உக்காந்து "மலை எங்கடா தம்பி இருக்கு"ன்னு கேட்டாங்க, நானும் கையக் காட்டுனேன், அவங்களுக்குத் தெரிஞ்சது வெள்ள வெளேர்னு மூடுபனி மட்டும் தான். நாலாம் நாள் எல்லாரையும் ட்ரெய்ன்ல ஏத்தி பண்டாரவளைக்கு கூட்டிட்டுப் போனேன். பட்டிப்பொல தாண்டி சுரங்கத்துக்குள்ள நுழையிற வரைக்கும் ஜன்னல்ல மழைத்தண்ணி வழியுது, அந்தப் பக்கம் ஒஹியவுல வெளிய வந்தா பளீர்னு வெயில். சித்தப்பா என்னைய முறைச்ச முறை இருக்கே, ஏதோ நான் தான் மூணு நாளா மழைய வச்சிருந்த மாதிரி.

அந்த சுரங்கம் நுவரெலியா மாவட்டத்துக்கும் பதுளை மாவட்டத்துக்கும் எல்லை மாதிரி. இந்த லைன்லயே ஒசரமான இடமும் அங்க தான், 1,898 மீட்டர். ட்ரிப் பிளான் பண்றவங்க முதல்ல புரிஞ்சிக்க வேண்டிய விசயமும் அதுக்குள்ள தான் இருக்கு. மலையகத்துக்கு ஒரு சீசன் கெடையாது, மேக்கால ஒண்ணு, கெழக்கால ஒண்ணு.

1. மொதல்ல காத்து எங்கருந்து வருதுன்னு பாருங்க

ஸ்கூல்ல படிச்சது தான், பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம். மே மாசக் கடைசியிலருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவப்பெயர்ச்சி. கடல்லருந்து ஈரத்த அள்ளிக்கிட்டு வர்ற காத்து கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா மலையில மோதி மேல ஏறுது, ஏற ஏற குளுந்து அங்கயே மழையாக் கொட்டிருது. வட்டவளையில வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல மழை பேயிறது இதனால தான், நாட்டுலயே ரொம்ப நனையிற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. இப்பிடி ஈரத்தையெல்லாம் மேக்கால கொட்டிட்டு மலையத் தாண்டுற காத்து ஊவா பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை இருக்குற கெழக்குப் பக்கம், கீழ எறங்கும்போது காஞ்சு சூடாயிரும். அது தான் கச்சான் காத்து. (யாழ்ப்பாணத்து ஆளுங்க கிட்ட கச்சான்னு சொன்னா கடலை வாங்கித் தருவாங்க, அது வேற.)

டிசம்பர்லருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் பருவப்பெயர்ச்சி, கதை அப்பிடியே உல்டா. பதுளை, பசறை, மடுல்சீமை, நக்கிள்ஸ் மலையோட கெழக்குச் சரிவு எல்லாம் நனையும், ஹட்டன் பக்கம் மெல்ல மெல்ல வானம் தெறக்கும். நடுவுல மார்ச் ஏப்ரல், ஒக்டோபர் நவம்பர், இந்த ரெண்டு இடைப்பருவமும் யாருக்கும் சொந்தமில்ல, மத்தியானத்துக்கு மேல இடியோட எங்க வேணாலும் பேயும்.

இவ்வளவையும் நெனவு வச்சிக்க முடியலன்னா தேயிலையக் கேளுங்க. டிம்புள பக்கம், அதாவது தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, ஹட்டன் எல்லாம் சேந்த மேக்குப் பக்கம், அங்க நல்ல தேயிலைக்கு சீசன் ஜனவரிலருந்து மார்ச். ஊவாவுல ஜூலைலருந்து செப்டம்பர். காஞ்ச காத்தும் ராக்குளிரும் பட்டு கொழுந்து மெதுவா வளரும்போது தான் வாசனை ஏறும். கிலோ கொறையும், வாசனை கூடும். தேயிலைக்கு அந்த நல்ல சீசன் எங்க நடக்குதோ அங்க தான் உங்களுக்கும் மலை தெரியும், ரோடு காஞ்சிருக்கும். நான் ஆள் அனுப்புறப்ப பாக்குற ஒரே கணக்கு இது தான், இது வரைக்கும் பெருசா ஏமாத்துனதில்ல.

2. உங்க லீவ வச்சு பக்கத்த முடிவு பண்ணுங்க

நெறைய பேர் இத தலைகீழா பண்றாங்க. வீடியோ பாத்து எடத்த முடிவு பண்ணிட்டு அப்புறம் லீவு தேடுறது. நம்ம ஆளுங்களுக்கு லீவு கெடைக்கிறதே பொங்கல், சித்திரை, ஆகஸ்ட், தீபாவளி, டிசம்பர், அவ்வளவு தான், அதனால நான் மாசத்துலருந்து எடத்துக்கு வர்றேன். நம்ம தமிழ் மாசத்துக்கு இருக்குற பழமொழிய வச்சே பாதி கதைய முடிச்சிரலாம்.

"தைப் பனி தரையத் துளைக்கும், மாசிப் பனி மச்சத் துளைக்கும்"னு சொன்னவங்க நுவரெலியாவுல இருந்திருப்பாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தை மாசியில மேக்குப் பக்கம் தான் ராஜா. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, நானுஓயா, பகல்ல நீல வானம், ராத்திரியில பல்லு அடிக்கிற குளிர். ஜனவரி பெப்ரவரியில நுவரெலியாவுலயும் ஹோட்டன் சமவெளியிலயும் சில விடியக்காலை புல்லு மேல வெள்ளையா உறைபனி படியும், வெப்பம் அஞ்சு பாகைக்கும் (டிகிரி செல்சியஸ்) கீழ போற நாளும் உண்டு. அத பாக்கணும்னா முந்தின ராத்திரி வானம் தெளிவா நட்சத்திரம் தெரியணும், காத்தும் இருக்கக் கூடாது, மேகம் மூடுன ராத்திரியில உறைபனிக்கு சான்ஸ் கொறைவு. சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) தொடங்கி மே மாசம் வெசாக் போயாவோட முடியும், அதுலயும் எனக்கு தை மாசி தான் நல்லதாப் படுது. ஆனா போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டாம், படியில நின்னுக்கிட்டே விடிஞ்சிரும், உச்சிக்குப் போக மாட்டீங்க. அதே நேரம் ஜனவரியில பதுளை, எல்ல பக்கம் இன்னும் மழை விட்டிருக்காது, பெப்ரவரி நடுவுக்கு மேல தான் அங்க நம்பிப் போகலாம். "சிவராத்திரியோட பனி சிவ சிவான்னு போயிரும்"னு எங்க அப்பாயி சொல்லும், உண்மையிலயே மார்ச்சுல ராக்குளிர் கொறஞ்சிரும்.

சித்திரை. நுவரெலியா வசந்த காலம், பூக்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி ஏரியில எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். மழை காலையில கெடையாது, மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு இடியோட வந்து ஆறு மணிக்கு விட்டுரும். வெதர் பிரச்சினையில்ல, வெல தான் பிரச்சினை. மத்த மாசம் குடுக்குற காசுக்கு மூணு மடங்கு கேக்குறாங்க, அதுக்கும் வெந்நி வராத ரூம். கொண்டாட்டம் வேணும்னா போங்க. மலை பாக்கணும்னா ஏப்ரல் நடுவுல மட்டும் போகாதீங்கன்னு கூட சொல்ல முடியல, ஏன்னா மாசம் முழுக்கவே கூட்டம் தான், பேசாம மார்ச்சுலயே போயிட்டு வந்துருங்க.

வைகாசி கொஞ்சம் பயமான மாசம். தென்மேல் மழை தொடங்குற நேரம், மேக்குச் சரிவுல மண்சரிவு ஆபத்து கூடுற நேரம். 2016 மே மாசம் அரநாயக்கவுல மலையே சரிஞ்சு வந்தத மறக்க முடியாது. மே நடுவுலருந்து ஜூன் வரைக்கும் கேகாலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியா டூர் பிளான் பண்ணாம இருக்குறது நல்லது.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்." ஹப்புத்தளைக்கு ஆடியில ஒரு தடவ போனா இது பழமொழியில்ல, செய்தின்னு தெரியும். மலை முகட்டுல ஊர், ரெண்டு பக்கமும் பள்ளம், காத்து கடைத்தெருவுக்குள்ள பூந்து வெளையாடும், மேக்குப் பக்கத்து மேகமும் அப்பப்ப எட்டிப் பாக்கும். ஆனா அங்கருந்து கொஞ்சம் எறங்குனா பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை, பசறை, எல்லாம் காஞ்ச வெயில். ஆகஸ்ட் லீவுக்கு வர்றவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது பண்டாரவளை. எல்லயில தங்குறதுக்குப் பதிலா பண்டாரவளையில தங்கி எல்லய பகல்ல பாத்துட்டு வந்துருங்க, பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தான், ரூமும் மலிவு, நம்ம சாப்பாடும் கெடைக்கும். கண்டி எசல பெரஹர ஊர்வலமும் இந்த ஜூலை ஆகஸ்ட்ல தான் வரும். கண்டி ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கெடக்கு, சாரல் மாதிரி மழை வரும் போகும், குடையோட உக்காந்து பாக்கலாம்.

அப்புறம் "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை". இந்த ரெண்டு மாசத்துக்கு பக்கமே கெடையாது, ரெண்டு பக்கமும் நனையும், வங்காள விரிகுடாவுல தாழமுக்கம் உருவாகுற காலம். 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள (வரிசை வீடுகள) மண்ணு மூடுனது ஐப்பசியில. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை எல்லாத்தையும் புரட்டிப் போட்டது கார்த்திகையில. தீபாவளிக்கு கொழும்புலருந்து தோட்டத்துக்குப் போற நம்ம புள்ளைங்களுக்கு இதுல சொய்ஸ் இல்ல, அம்மா அப்பா இருக்குற எடத்துக்குப் போய்த் தான் ஆகணும். ஆனா சும்மா சுத்திப் பாக்க வர்றவங்க இந்த ரெண்டு மாசத்த விட்டுருங்க, அதுக்கு மேல இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

டிசம்பர் கடைசி லீவு ஒரு சூதாட்டம். மேக்குப் பக்கம் பாதிக்குப் பாதி கெடைக்கும், ஊவா பக்கம் மழை.

3. ஒசரத்த வச்சு குளிரக் கணக்குப் போடுங்க

வெதர் ஆப் காட்டுறது எந்த ஊருக்குன்னே தெரியாது, பல நேரம் பக்கத்து பள்ளத்தாக்குக்குள்ள இருக்குற ஊரோட நம்பரக் காட்டும். கையால கணக்குப் போடுறது லேசு. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஏறக்குறைய ஆறரை பாகை கொறையும். கொழும்புல சராசரி 28ன்னு வச்சிக்குங்க. கண்டி 500 மீட்டர், மூணு பாகை கொறைச்சா 25. பண்டாரவளை 1,230 மீட்டர், எட்டு கொறைச்சா 20. நுவரெலியா 1,868 மீட்டர், பன்னெண்டு கொறைச்சா 16. இது பகலும் ராவும் சேந்த சராசரி, விடியக்காலைக்கு இன்னும் அஞ்சாறு கொறைச்சிக்கணும். பதுளை 680 மீட்டர் தான், பள்ளத்துக்குள்ள கெடக்கு, அங்க போய் குளிருக்கு ஜக்கெட் போட்டுட்டு நின்னா சிரிப்பாங்க. மலையகம்னாலே குளிர்னு நெனச்சு கம்பளி மூட்டையோட பதுளைக்கு வர்ற ஆளுங்க இருக்காங்க.

ஒண்ணு கவனிங்க, நுவரெலியாவுல குளுகுளுன்னு இருக்கும்போதே மத்தியான வெயில் தோல உரிச்சிரும். ஒசரத்துல வெயிலுக்கு உக்கிரம் கூட, குளிர்ல அது நமக்குத் தெரியாது. புள்ளைங்களுக்கு தொப்பி கட்டாயம்.

4. நாள மணி பாத்து பிரிங்க

மாசம் சரியா இருந்தும் மலை தெரியலன்னு சொல்றவங்க முக்காவாசிப் பேர் லேட்டா எந்திரிச்சவங்க. காலையில சூரியன் மலைச்சரிவ சூடாக்க, ஈரக் காத்து மேல ஏறி, பத்து பதினொரு மணிக்கு மேகம் கட்டி, ரெண்டு மணிக்கு மூடிரும். இது நல்ல சீசன்லயும் நடக்கும். அதனால ஒசரமான எடம் எல்லாம் காலையில, பள்ளத்து எடம் மத்தியானத்துக்கு மேல.

ஹோட்டன் சமவெளியில உலக முடிவுன்னு சொல்ற செங்குத்துப் பாறைக்குப் போறீங்கன்னா ஒம்பது மணிக்குள்ள நீங்க விளிம்புல நிக்கணும், பத்துக்கு மேல கீழருந்து மேகம் ஏறி வந்து வெள்ளச் சுவர் தான் தெரியும். அதுக்கு நுவரெலியாவுலருந்து விடிய நாலரைக்கு வேன் ஸ்டார்ட் ஆகணும். ஏழு பேர் குடும்பத்த நாலரைக்கு வேன்ல ஏத்துறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அதனால முதல் நாள் ராத்திரியே ரொட்டியும் கட்டசம்பலும் பார்சல் கட்டி வச்சிருங்க. பொலித்தீன் உள்ள விட மாட்டாங்க, டப்பாவுல போடுங்க. தம்பதென்னைக்கு மேல இருக்குற லிப்டன் சீட்டும் அப்பிடித் தான், ஆறு ஏழு மணிக்கு ஊவா, சப்ரகமுவ, தெற்கு எல்லாம் ஒரே பார்வையில விரிஞ்சு கெடக்கும், பத்து மணிக்குப் போனா டீ குடிச்சிட்டு திரும்பலாம்.

நீர்வீழ்ச்சி மட்டும் இந்தக் கணக்குல எதிர்ப் பக்கம் நிக்கும். நல்லா காஞ்ச சீசன்ல போனா தண்ணி நூலாட்டம் எறங்கும். மழை விட்டு ரெண்டு மூணு வாரத்துல போறது தான் சரி. பதுளை துன்ஹிந்தைக்கு பெப்ரவரி மார்ச், டெவோனுக்கு செப்டம்பர் கடைசி. சென்கிளயர் நீர்வீழ்ச்சி, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்ததுலருந்து பழைய சென்கிளயர் இல்ல, அத மட்டும் நம்பி தலவாக்கலைக்கு வராதீங்க.

5. ரோடும் ரயிலும்

மழை நாள்ல மலையில ஓட்டுறதுக்கு நான் வச்சிருக்குற சட்டம் ரெண்டு. மூணு மணிக்குள்ள அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சிரணும். எறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கிட்டே வராம, ஏறும்போது எந்த கியரோ எறங்கும்போதும் அந்த கியர். நானுஓயா ரதல்ல குறுக்கு ரோடு, 2023 ஜனவரியில பெரிய விபத்து நடந்த எடம், செங்குத்து எறக்கம், பழக்கமில்லாத டிரைவர் வேனோட அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. றம்பொடை வளைவுகள்ல மூடுபனி எறங்குனா முன்னாடி போற லொறியோட பின் லைட்டு கூட தெரியாது, நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு போங்க, நுவரெலியா எங்கயும் ஓடிப் போயிராது.

ட்ரெய்ன்னா முன்கூட்டியே சீட் புக் பண்ணணும், சீசன்ல தெறந்த கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சிருது. டித்வாவுல மலையக லைன் பல எடத்துல அடிபட்டுச்சு, அதனால நீங்க போற தேதிக்கு எந்த எடம் வரைக்கும் ஓடுதுன்னு ஸ்டேசன்ல கேட்டுட்டு மிச்சத்த பஸ்ஸுக்கு பிளான் பண்ணுங்க. ஓடுதுன்னா ஒரு தடவையாவது நானுஓயாவுலருந்து பதுளை வரைக்கும் பகல்ல போங்க, மேலே சொன்ன பருவப்பெயர்ச்சி பாடம் முழுக்க அந்த ஜன்னல்லயே ஓடும்.

6. மண்சரிவு எச்சரிக்கை பாக்குறத பழக்கமாக்குங்க

மழை வருமான்னு வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும். மலை நிக்குமான்னு சொல்றது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், நெறைய டூர் ஆளுங்களுக்கு இப்பிடி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அவங்க பிரதேச செயலகப் பிரிவு வாரியா மூணு கட்டமா எச்சரிக்கை விடுவாங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா மஞ்சள், விழிப்பா இருக்கணும். 100 தாண்டுனா செம்மஞ்சள், கெளம்பத் தயாரா இருக்கணும். 150 தாண்டுனா சிவப்பு, ஆபத்தான எடத்த விட்டு வெளியேறணும். நீங்க தங்குற பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே சரிவுக்குக் கீழ இருக்குற ஹோட்டல்ல இருக்காதீங்க, டவுனுக்குள்ள மாறிருங்க. செம்மஞ்சள் வந்தா ட்ரிப்ப முடிச்சிக்கலாம், அட்வான்ஸ் காசு போனா போகட்டும்.

எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே தோட்டத்துச் சனம் பாக்குற அடையாளம் இருக்கு. நெலத்துல புதுசா வெடிப்பு, நேரா நின்ன மரம் சாஞ்சு நிக்கிறது, தெளிவா வந்த ஊத்து திடீர்னு சேறா வர்றது இல்ல நின்னு போறது. அப்பிடி எதாவது கண்ணுல பட்டா அங்க நின்னு போட்டோ எடுக்காம கெளம்புங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட அவசர நம்பர் 117.

7. பையில என்ன போடணும்

ஜக்கெட் இல்லன்னு கொழும்புல கடைக்கு ஓட வேண்டாம், நுவரெலியா பேல் பசார்ல போய் வாங்கிக்கலாம், விலையும் பேசலாம். அத விட முக்கியம் மேசு (சாக்ஸ்). மழைக்கால மலையில துணி காயாது, லயத்துல அடுப்புக்கு மேல கொடி கட்டி தான் காய வைப்போம், சட்டையில எப்பவும் பொகை வாசம் இருக்கும். ஹோட்டல்ல அந்த வசதியும் கெடையாது. அதனால ஆளுக்கு ரெண்டு ஜோடி மேசு கூடுதலா.

அட்டைக்கு உப்பு. துணியில முடிஞ்சு எடுத்துக்கிட்டா கடிச்ச எடத்துல ஒரு ஒத்து ஒத்துனா விழுந்துரும், பிடிச்சு இழுக்காதீங்க. நக்கிள்ஸ், மஸ்கெலியா பக்கம் மழை விட்டதும் நடக்குறவங்க காற்சட்டைய மேசுக்குள்ள விட்டு மேல சவர்க்காரம் தேச்சுக்கலாம். குடை மலைக் காத்துக்கு நிக்காது, ரெயின்கோட் தான். ரூம் எடுக்கும்போது வெந்நி வருதா, கம்பளி எத்தன குடுப்பாங்கன்னு கேளுங்க, ஃபேன் இல்லன்னு சண்ட போடாதீங்க.

ஒண்ணு சொல்லணும். மழையில கொழுந்து எடுக்குற அக்காமார பனிக்குள்ள பாக்க அழகா இருக்குன்னு வேன நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. இடுப்புல படங்க (நனையாம இருக்க கட்டுற மொரட்டு விரிப்ப) கட்டிக்கிட்டு கூதலோட நிக்கிறாங்க, ஈரக் கொழுந்துன்னு நிறையில வேற கழிப்பாங்க. கேட்டுட்டு எடுங்க.

8. கெளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு கால்

ஆப் எல்லாம் பாத்து முடிச்சதுக்கு அப்புறம், போற ஊர்ல யாராவது ஒருத்தருக்கு போன் போடுங்க. சொந்தக்காரங்க இல்லன்னா ரூம் காரர், ஓட்டோ அண்ணன், யாராச்சும். "வெதர் எப்பிடி"ன்னு மட்டும் கேக்காதீங்க, யாவாரம் பண்றவங்க "சூப்பர் வாங்க"ன்னு தான் சொல்லுவாங்க. நான் கேக்குறது ரெண்டே கேள்வி. இன்னைக்கு கொடியில போட்ட துணி காஞ்சுச்சா? எதிர்த்தாப்புல இருக்குற மலை எத்தன மணி வரைக்கும் தெரிஞ்சுச்சு? சித்தப்பா அடுத்த தடவ வந்தப்ப பண்டாரவளையில என் மாமிக்கு அவரே கால் பண்ணி இதத் தான் கேட்டாராம், மாமி "ரெண்டு நாளா காய்ஞ்சு வெறகாட்டம் கெடக்கு, வாங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம் தான் வேனுக்கு அட்வான்ஸே குடுத்தார்.